சும்மா வாசிக்கிறவரின் கருத்துக்கு என்ன மதிப்பு?

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் வேலைக்குப் போய் வரும் நேரத்தில் ரமணிசந்திரனின் காதல் நாவல்களும் ராஜேஷ்குமாரின் கிரைம் நாவல்களும் வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததைப் பற்றி நாலு வரி எழுதி வைக்க ஆசை, ஆனால் "குப்பையை வாசிச்சுப்போட்டு அதுக்கு விமர்சனம் வேறயோ" என்று மச்சாள் கேட்டதில் கை நின்றுவிட்டது என்கிறீர்கள். கடைசியில் இரண்டு கேள்வி வைத்திருக்கிறீர்கள். இந்த நாவல்கள் எல்லாம் உண்மையிலேயே ஒரே கதைதானா? பொழுதுபோக்காகச் சும்மா வாசிக்கிற ஓர் ஆளின் கருத்துக்கு மதிப்பு உண்டா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு இது பிடித்திருக்கிறது என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லலாமா என்றுதான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. 1990இலிருந்து 2013 வரை, காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில் புத்தகம் வாடகைக்குக் கொடுத்தவன். ஒரு அறை, ஐந்து அலுமாரி, ஒரு மேசை, நீளக் கொப்பி ஒன்று. முற்பணமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டு, ஒரு புத்தகத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்து நான்கு நாள் வைத்திருக்கலாம். பிறகு அது ஐந்து ரூபாயாகி, பத்தும் ஆனது. அலுமாரிகளில் இருந்ததில் பெரும்பங்கு நீங்கள் சொல்லும் வகைதான். மாலைமதி, ராணிமுத்து, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் போன்ற மலிவு நாவல் இதழ்கள், அட்டை போட்ட குடும்ப நாவல்கள், கொஞ்சம் சரித்திரக் கதைகள். அவற்றை எழுதியவர்களை நான் கண்டதில்லை. வாசித்தவர்களை இருபத்து மூன்று வருடம் தினமும் கண்டேன். அந்த அளவில்தான் என் பேச்சுக்கு ஆதாரம். என் கடைக்கு வந்தவர்கள் அந்த நாலைந்து லேன்களின் ஆட்கள். அவர்களை வைத்து ஊர் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

வாடகைப் புத்தகத்தில் ஒரு விசேஷம் உண்டு. நிறைய வாசிக்கிறவர்களுக்கு எதை வாசித்தோம், எதை வாசிக்கவில்லை என்பது மறந்துபோகும். தலைப்புகளும் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். அதனால் ஒவ்வொருவரும் புத்தகத்துக்குள் தங்களுக்கென்று ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பதினேழாம் பக்க எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார். எங்கள் லேனிலேயே இருந்த ஒரு மாமி கடைசிப் பக்க மூலையில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று கீறுவார். புத்தகத்தை எடுத்ததும் நேராக அந்த இடத்தைத் திருப்பிப் பார்த்து, பூ இருந்தால் மூடி வைத்துவிடுவார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. புத்தகம் பழுதாகிறதே என்று அழிறப்பரோடு உட்கார்ந்து அழித்தும் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன், அடையாளத்துக்குப் பக்கத்தில் சிலர் ஒரு சொல்லும் எழுதியிருந்தார்கள். "சுமார்." "நல்லம்." "முடிவு சரியில்லை." "எடுக்க வேண்டாம்." அன்றிலிருந்து அழிப்பதை விட்டேன். புதிதாக வருகிறவர்கள் பின்னட்டையை வாசிக்காமல் பென்சில் எழுத்தை வாசித்துத்தான் புத்தகம் எடுத்தார்கள். நானும் எதை இன்னொரு பிரதி வாங்குவது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்தேன்.

அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதற்குள் இருக்கிறது. ஒரு காதல் நாவல். பெயர் வேண்டாம். பணக்காரக் கதாநாயகன் ஒரு தப்பான எண்ணத்தால் நாயகியைப் பலர் முன்னால் அவமானப்படுத்துகிறான், ஒருமுறை கையும் நீட்டுகிறான். கடைசி அத்தியாயத்தில் உண்மை தெரிகிறது. அவன் அவள் கையைப் பிடிக்கிறான், அவள் அழுகிறாள், கதை முடிகிறது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே யாரோ ஒருவர் பென்சிலால் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "இவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை." சில மாதங்களில் அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "ஓம்" என்று வந்தது. அடுத்த வருடம் நீலப் பேனையில் "நானும் தேடினேன்" என்று இன்னொன்று. நான்காவதாக ஒருவர் எதுவும் எழுதாமல் முதல் வரியை அடிக்கோடிட்டிருந்தார். அந்தப் புத்தகம் அதற்குப் பிறகும் நன்றாகவே ஓடியது. பிடித்துத்தான் வாசித்தார்கள்; வாசித்துக்கொண்டே ஓர் இடத்தில் ஏற்றுக்கொள்ளவும் மறுத்தார்கள். அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் என்றே நினைக்கிறேன். கட்டுரை எழுதும் பழக்கம் அவர்களில் யாருக்கும் இருந்திருக்காது. ஆனால் அந்த நாவலைப் பற்றி அதைவிடச் சரியான ஒரு வரியை நான் எங்கேயும் வாசிக்கவில்லை.

அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். மதிப்பு உண்டு. எந்த விஷயத்தில் உண்டு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கதை எந்த இடத்தில் உங்களை இழுத்தது, எங்கே சலித்தது, எந்த இடத்தில் எழுத்தாளர் உங்களை ஏமாற்றியதாகத் தோன்றியது, எந்தப் பாத்திரம் இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டியும் மனதில் நின்றது, இவற்றில் உங்களைவிடப் பெரிய சாட்சி கிடையாது. லேசான நாவல் இப்படியான ஆளுக்காகவே எழுதப்படுகிறது. களைத்துப் போய், பாதிக் கவனத்தோடு, கூட்டத்துக்குள் நின்றுகொண்டு வாசிக்கிறவரை ஒரு மணி நேரம் பிடித்து வைக்க முடிகிறதா என்பதே அதன் பரீட்சை. மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வாசிக்கிற பேராசிரியருக்கு அந்தப் பரீட்சையின் முடிவு தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த எழுத்தாளர் தமிழுக்கு என்ன செய்தார், இந்த வகை எழுத்தால் சமூகத்துக்கு நன்மையா தீமையா, இது நிலைக்குமா என்று பேச வேண்டுமானால் நாற்பது புத்தகம் வாசித்தது போதாது. அதற்கு ஒப்பிட வேறு எழுத்துகள் வேண்டும், காலம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மச்சாள் 'குப்பை' என்று சொல்வதும் அந்த இரண்டாவது வகைத் தீர்ப்புத்தான். அவர் எத்தனை வாசித்துவிட்டு அதைச் சொன்னார் என்று ஒருமுறை அன்பாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, எல்லாம் ஒரே கதைதானா? அச்சு ஒன்றுதான் என்பது உறுதி. மாத நாவல் என்பது பெயருக்கு நாவல், செய்முறையில் சஞ்சிகை. மாதம் தவறாமல் வர வேண்டும், நூறு பக்கத்தை ஒட்டி முடிய வேண்டும், சாதாரணத் தாளில் அச்சாகிக் குறைந்த விலைக்குப் பெட்டிக்கடையில் தொங்க வேண்டும். ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐநூறுக்கு மேல் நாவல் எழுதியவர். அத்தனை எழுதும்போது சம்பவங்கள் திரும்பி வராமல் இருக்க முடியாது. ரமணிசந்திரனிலும் அப்படித்தான். தன்மானமுள்ள பெண், வசதியான ஆண், நடுவில் ஒரு தப்பெண்ணம், கடைசியில் தெளிவு. இதை வாசகிகளே எனக்குச் சொல்லித் தந்தார்கள். அட்டையைப் பார்த்துவிட்டு "இதிலே அம்மா இருக்கிறாவா, சித்தியா" என்று கேட்கும் அளவுக்கு அவர்களுக்கு அந்த அச்சு அத்துப்படி.

ஆனால் அச்சு ஒன்றாக இருப்பதால் பலகாரமும் ஒன்றாகிவிடாது. ஒரே இடியப்ப உரலில் இரண்டு வீட்டில் பிழிந்தால் இரண்டு விதமாகத்தான் வரும். ராஜேஷ்குமார் அடிக்கடி கையாளும் ஒரு முறையைப் பாருங்கள். ஓர் அத்தியாயம் ஒரு ஊரில் ஒரு குடும்பத்தோடு போகும். அடுத்தது சம்பந்தமே இல்லாத இன்னொரு ஊரில் இன்னொரு ஆளோடு. இப்படி மாறி மாறி ஓடிக் கடைசியில் இரண்டும் ஓரிடத்தில் முட்டும். நன்றாக அமைந்த நாவலில், முட்டுகிற அந்த இடத்துக்கான பொருள் நாலாவது அத்தியாயத்திலேயே நம் கண் முன்னால் கிடந்திருக்கும், நாம்தான் தாண்டிப் போயிருப்போம். அவசரமாக எழுதிய நாவலில், இரண்டையும் சேர்ப்பதற்கென்றே கடைசி ஆறு பக்கத்தில் புதிதாக ஓர் ஆள் வந்து இறங்குவார். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் பெரிய விமர்சகராக இருக்கத் தேவையில்லை. 'இந்த ஆள் இதற்கு முன்னால் கதையில் வந்தாரா' என்று பின்னால் புரட்டிப் பார்த்தால் போதும். என் கடையில் பதினைந்து வயதுப் பையன்கள் இதைச் செய்தார்கள். "அங்கிள், இவர் ஏமாத்திப்போட்டார்" என்று புத்தகத்தை மேசையில் வைப்பார்கள்.

உரையாடலிலும் வித்தியாசம் தெரியும். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பேசுகிற இடத்தை மூடி வைத்துவிட்டு யார் எந்த வரியைச் சொன்னார் என்று கேட்டால் சொல்லிவிடலாம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், இந்தத் துப்பறியும் ஜோடிகளை எங்கள் பக்கத்து ஆட்கள் தூரத்து உறவுக்காரரைப் போலக் கதைத்தார்கள். சென்னையையும் கோயம்புத்தூரையும் ஒருநாளும் பார்க்காதவர்கள், அந்த ஊர்களில் எந்தத் தெரு எங்கே வளைகிறது என்று சொல்வார்கள். ஒரு வகைக் கதைக்குள் திறமை இருக்கிறதா இல்லையா என்பதை இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் பார்க்க வேண்டும். 'எல்லாம் ஒன்று' என்று சொல்கிறவர் இடியப்ப உரலை மட்டும் பார்த்திருக்கிறார்.

முடிவைத் தெரிந்துகொண்டால் இந்த நாவலில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு கிரைம் நாவலின் முதல் பக்கத்திலேயே ஒரு குறும்பன் "கொலைகாரன் டிரைவர்" என்று அழுத்தி எழுதிவிட்டான். நான் அழித்தேன், தாளில் தடம் போகவில்லை. சாய்த்துப் பிடித்தால் தெரியும். இனி யாரும் எடுக்கமாட்டார்கள் என்று ஓரமாக வைத்தேன். ஆனால் எடுத்தார்கள். "தெரியும், பரவாயில்லை" என்று சொல்லியே எடுத்தார்கள். யார் செய்தது என்பதை விட, எப்படி அகப்படப் போகிறான் என்பதும், அகப்படுவான் என்ற நிச்சயமும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த நிச்சயத்தின் பெறுமதியை எனக்குக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து லொட்ஜுகளில் வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள். கடவுச்சீட்டு, விசா, ஏஜென்சி, பொலிஸ் பதிவு என்று மாதங்கள் போகும். வெளியே அதிகம் நடமாடவும் பயம். அப்படி ஒருவர் தினமும் காலையில் வந்து இரண்டு புத்தகம் எடுத்துப் போவார், மாலையில் கொண்டு வருவார். ஊரில் அவர் கணித ஆசிரியர். ஒருநாள் நல்லெண்ணத்தோடு, "கனமான புத்தகங்களும் கொஞ்சம் இருக்கு, பாக்கிறீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வேண்டாம் தம்பி. என்ர கதை எங்க போய் முடியுமெண்டு எனக்கே தெரியாது. இது நூறாம் பக்கத்தில முடிஞ்சிரும்" என்றார். எட்டு மாதம் கழித்து ஒருநாள் முற்பணத்தைத் திருப்பி வாங்காமலே போய்விட்டார். எங்கே சேர்ந்தார் என்று எனக்குச் செய்தி வரவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு யாருடைய கையிலிருக்கும் புத்தகத்தையும் பார்த்து நான் குப்பை என்று சொன்னதில்லை. 1996இல் மழை பொய்த்து நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்திலும், ஊரடங்கு வரும் என்று கதை அடிபட்ட நாட்களிலும் என் கடையில் கூட்டம் கூடியது. மெழுகுதிரியும் பாணும் வாங்க வந்தவர்கள் இரண்டு நாவலும் எடுத்துப் போனார்கள்.

இனி, கொஞ்சம் சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். லேசான எழுத்து எது, கனமான எழுத்து எது என்ற கோடு நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியானது இல்லை. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. அடுத்த இதழை வாங்க வைக்கும் விதமாக அத்தியாயத்தை அந்தரத்தில் நிறுத்தும் வித்தை அதில் முழுக்க உண்டு. வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள் என்று என் அம்மா சொல்லியிருக்கிறார். இன்று அதைத் தடித்த அட்டை போட்டுத் திருமணப் பரிசாகக் கொடுக்கிறோம். அதே காலத்தில் அதே அளவு ஆவலோடு வாசிக்கப்பட்ட எத்தனையோ தொடர்கள் பெயரே இல்லாமல் போய்விட்டன. இன்று நீங்கள் வாசிப்பதில் எது அப்படி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நம் இலங்கையின் கதை இதில் இன்னும் சுவையானது, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது தமிழகத்துச் சஞ்சிகைகளும் புத்தகங்களும் முன்போல வரவில்லை. வாசிக்கிறவர்களின் பசி அப்படியே இருந்தது. அந்த இடைவெளியில்தான் வீரகேசரிப் பிரசுரங்கள் கொழும்பிலிருந்து மலிவு விலையில் ஈழத்து நாவல்களை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பின. பாலமனோகரனின் நிலக்கிளியும் செங்கை ஆழியானின் வாடைக்காற்றும் அப்படி வந்தவை. ஒன்றின் களம் வன்னிக் காட்டோரத் தண்ணிமுறிப்பு, மற்றது நெடுந்தீவுக் கடற்கரையில் வாடி (தற்காலிகக் குடில்) அடித்து மீன் பிடிக்கிறவர்களின் கதை. வாடைக்காற்று 1978இல் திரைப்படமாகவும் வந்தது. இரண்டிலும் காதல் இருக்கிறது, போட்டி இருக்கிறது, அடுத்த பக்கத்தைத் திருப்ப வைக்கும் வேகம் இருக்கிறது. கூடவே அந்த மண்ணின் பேச்சும் தொழிலும் இருக்கின்றன. கடையில் இவற்றை எந்த அலுமாரியில் வைப்பது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து இந்தியப் புத்தகங்கள் கப்பலில் குவிந்ததும் அந்த முயற்சி தளர்ந்துவிட்டது. எனக்கு இதில் இன்றும் மனவருத்தம் உண்டு. நம் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் நடக்கிற, நம் பேச்சில் பேசுகிற, நூறு பக்கத்து விறுவிறுப்பான கதைகள் மாதம் ஒன்றாவது தொடர்ந்து வந்திருந்தால், உங்கள் மச்சாளுக்கும் எனக்கும் கதைக்க இன்னும் நிறைய இருந்திருக்கும்.

விமர்சகர்களைப் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் அவர்களை எதிரியாக நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் எழுத்து கோணும். ஈழத்து விமர்சகர் கைலாசபதி 1968இல் தமிழ் நாவல் இலக்கியம் என்ற நூலை வெளியிட்டார். நாவலை அது பிறந்த சமூகத்தோடு வைத்துப் பார்ப்பது அவர் வழி. அந்தக் கேள்வியோடு மாத நாவலுக்குள் போனால் கிடைப்பது குறைவுதான், மறுக்க முடியாது. தொழிலாளி வருவார், ஆனால் கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுவார். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயர் இருக்கும், வாழ்க்கை இருக்காது. இதை விமர்சகர் சொல்லும்போது அது சரியே. அவர் கேட்பது வேறு கேள்வி, நீங்கள் கேட்பது வேறு கேள்வி. இரண்டும் ஒரே புத்தகத்தைப் பற்றியவை என்பதால் ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. 'மன்னிப்புக் கேட்கவே இல்லை' என்று எழுதிய பெண், பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், இரண்டு கேள்விகளும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குத் தானாகவே போய்விட்டார்.

லேசான நாவலில் தொடங்குகிறவர்கள் படிப்படியாக நல்ல இலக்கியத்துக்கு ஏறுவார்கள் என்று ஆறுதல் சொல்கிற வழக்கம் ஒன்று உண்டு. நான் பார்த்தவரையில் சிலர் ஏறினார்கள். தமிழ்வாணனின் துப்பறியும் கதைகளில் தொடங்கிய ஒரு பெடியன் பிறகு என்னிடம் இல்லாத புத்தகங்களையெல்லாம் கேட்டு, நான் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அனுப்பி வைக்கும் அளவுக்கு வளர்ந்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் இருபது வருடமும் அதே அலுமாரிக்கு முன்னால்தான் நின்றார்கள், சந்தோஷமாக நின்றார்கள். இதை ஏணி என்று நினைத்தால் அவர்களையெல்லாம் தோற்றவர்கள் என்று சொல்ல வேண்டி வரும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றை மட்டும் கண்ணால் கண்டதாகச் சொல்வேன். ஆங்கில மொழியில் படித்த கொழும்புப் பிள்ளைகள், தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள், முத்து, லயன் காமிக்ஸும் பிறகு கிரைம் நாவலும் வாசித்து ஒரு வருடத்துக்குள் சரளமாக வாசிக்கத் தொடங்கினார்கள். பாடப்புத்தகம் அதைச் செய்யவில்லை. அடுத்த பக்கத்தில் என்ன என்ற தவிப்பு செய்தது. இந்தக் காதல் கதைகள் பெண் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று என்னோடு சண்டைக்கு வந்த பெற்றோரும் உண்டு. கை நீட்டுகிற கதாநாயகனைக் கொண்டாடுகிற கதைகள் எனக்கும் பிடிக்காது, அவற்றை வாங்குவதைக் குறைத்தேன். ஆனால் வாசிக்கிற பெண்கள் சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டு போனார்கள் என்பதை என் புத்தகங்களின் ஓரத்துப் பென்சில் எழுத்துகள் ஒப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் எழுதப் போகிற நாலு வரி எப்படி இருந்தால் பயன்படும் என்று சொல்கிறேன். 'சூப்பர்', 'மொக்கை' என்ற சொற்கள் உங்களைத் தெரிந்தவருக்கு மட்டும் உதவும். உங்கள் ருசி அவருக்குத் தெரியும். தெரியாதவருக்கு இடம் வேண்டும். எத்தனையாம் பக்கத்தில் சலித்தது, எந்தச் சந்திப்பில் நம்பிக்கை போனது, எந்த வசனத்தை இரண்டாம் முறை வாசித்தீர்கள், அதைச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்பதும் சரியாக எழுதப்படவில்லை என்பதும் வேறு வேறு. எனக்குப் பேய்க்கதை பிடிக்காது, அதனால் இந்திரா சௌந்தர்ராஜனைப் பற்றி நான் சொல்வதை யாரும் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. பேய்க்கதைப் பிரியர் ஒருவர் 'இதில் பயம் வரவில்லை' என்றால் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் விருப்பம் எந்தப் பக்கம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஆயிரத்து ஐநூறு எழுதியவரை ஒரு புத்தகத்தை வைத்துத் தூக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். வாசித்த அன்றே எழுதியதை ஒரு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். நாயகியின் பெயர் நினைவில் இருக்கிறதா, இல்லை அட்டைப்படம் மட்டும்தானா? அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வாரத்துக்குப் பிந்திய வரிதான் அதிகம் நம்பக்கூடியது. கொலைகாரன் யார் என்பதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். என் கடை ஆட்கள் பரவாயில்லை என்றார்கள், எல்லோரும் அப்படி இல்லை.

இப்போது கைப்பேசியில் பிரதிலிபி போன்ற இடங்களில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் நாவல்களைப் பற்றி நான் அதிகம் பேசமாட்டேன். கடையை மூடிய பிறகு வந்த உலகம் அது. மகள் காட்டித் தந்து பத்துப் பதினைந்து வாசித்திருக்கிறேன். வாசகர்கள் அத்தியாயத்துக்குக் கீழேயே எழுதிவிடுவதும், எழுதுகிறவர் அடுத்த அத்தியாயத்துக்குள் பதில் சொல்வதும் எனக்குப் பிடித்திருந்தது. பென்சில் எழுத்து அச்சில் ஏறியது மாதிரி இருந்தது. அவற்றின் தரத்தை எடைபோட உங்களைப் போலத் தினமும் வாசிக்கிறவர்தான் சரி.

வாசிக்க இன்னும் தேடுகிறீர்கள் என்றால், வெள்ளவத்தையிலேயே 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. புதியது வாங்க வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் பார்க்கலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் தமிழ்க் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பழைய வீரகேசரிப் பிரசுரங்கள் கடையில் கிடைப்பது கடினம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை வருடி (ஸ்கேன் செய்து) இலவசமாக வைத்திருக்கிறார்கள், அங்கே தேடுங்கள். நிலக்கிளியை ரயிலில் தொடங்க வேண்டாம். ஒரு போயா விடுமுறை நாளில் வீட்டிலிருந்து தொடங்குங்கள், இடையில் நிறுத்த மனம் வராது.

உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரி இருந்தது. போன கிழமை வாசித்த கதையில், நாயகி வேலையை விட்ட இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் மூடினீர்கள் என்று எழுதவில்லை. முதலில் அதை எழுதுங்கள், நான் வாசிக்கக் காத்திருக்கிறேன்.